மேசைக்கு அடியில் வைத்த கட்டு

“விலகினார்னு போட்டிருக்கே, நானா விலகினேன்?”

“வேற எப்படிச் சித்தப்பா போடறது? துரத்தி விட்டோம்னு போடவா?”

“ஆமா. அதைத்தான் போடச் சொல்றேன்.”

புரூஃப் பார்க்கும் அறைக்கும் முன் அறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும்தான். அண்ணனும் சித்தப்பாவும் எந்த வரிக்காகக் கத்திக்கொண்டிருந்தார்களோ, அதே வரியைத்தான் நான் ஆறாவது தடவையாகத் திருத்திக்கொண்டிருந்தேன். எங்கள் அச்சகத்துக்கு அறுபது வருடம் ஆகிறது. பல்கலைக்கழகத்தில் ஒரு கண்காட்சி வைக்கிறார்கள். அங்கே கொடுப்பதற்கு அச்சகத்தின் வரலாறு முப்பத்திரண்டு பக்கத்தில் வேண்டும், திங்கட்கிழமை மெஷினில் ஏற்றியாக வேண்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். எழுதுவது நான். ஐம்பத்து மூன்று வயதாகியும் வீட்டில் என் பெயர் பாப்பாதான். எழுதுகிற வேலை, அதற்குத் திட்டு வாங்குகிற வேலை இரண்டும் பாப்பா தலையில்தான் விடியும்.

முதல் இருபது பக்கம் மளமளவென்று வந்துவிட்டது. அப்பா காலால் மிதிக்கிற ஒரே ஒரு மெஷினோடு ஆரம்பித்தது, சித்தப்பா படிப்பை விட்டுவிட்டு வந்து எழுத்துக் கோத்தது, கடைசித் தேதிக்கு முந்தின நாள் ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு அழுகிற முகத்தோடு வந்து நின்றவர்கள், நன்றியுரையில் மனைவி பெயரை விட்டுவிட்டதால் அச்சடித்த பக்கத்தைக் கிழித்து மறுபடி அடித்துக் கொடுத்தது, எல்லாம் எழுதினேன். இருபத்து நான்காவது வருடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டேன்.

அந்த வருடம் வரைக்கும் பல்கலைக்கழகத்தின் பரீட்சைக் கேள்வித்தாள் எங்களிடம்தான் அச்சாகும். கதவைப் பூட்டிக்கொண்டு அப்பாவும் சித்தப்பாவும் மட்டும் அடிப்பார்கள். அம்மாவுக்குக்கூட அனுமதி கிடையாது, சாப்பாடு ஜன்னல் வழியாகப் போகும். மை சரியாக விழும் வரைக்கும் அடித்துப் பார்க்கிற கெட்டுப்போன தாள்களைச் சித்தப்பா கட்டி எடுத்துக்கொண்டு போய்ப் பின்முற்றத்தில் எரிக்க வேண்டும். மற்ற வேலைகளில் கெட்டுப்போகும் தாளை நாங்கள் எரிப்பதில்லை. அச்சு உள்பக்கம் இருக்கும்படி மடித்துப் பார்சலுக்கு மேலே சுற்றுவோம். எந்த அச்சகத்திலும் அப்படித்தான். அன்றைக்கு முற்றத்தில் நல்ல மழை. மழை விடட்டும் என்று சித்தப்பா அந்தக் கட்டை வெளி அறையில் இருந்த பார்சல் மேசைக்கு அடியில் வைத்துவிட்டு மெஷினுக்குத் திரும்பிவிட்டார். அதே மேசையில் மாணவர் மன்றத்துக்கு நோட்டீஸ் பார்சல் போட்டுக்கொண்டிருந்தது அண்ணனும் நானும். பத்துப் பார்சல், ஆளுக்கு ஐந்து. ஒன்றைச் சுற்றியது கணக்குக் கேள்வித்தாள்.

அந்தத் தாள் மாணவர்கள் கையில் பரவியது, பரீட்சையை நிறுத்தினார்கள். ஊரே சிரித்தது. பூட்டின அறையில் இருந்த இரண்டு பேரில் யார் என்று பல்கலைக்கழகம் கேட்டது. அப்பா பேசவில்லை. சித்தப்பா தன் தவறுதான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். கேள்வித்தாள் வேலை எப்படியும் போனது, ஆனால் அச்சகம் பிழைத்தது. சித்தப்பா பேருந்து நிலையத்துக்கு எதிரில் நகலெடுக்கும் கடை போட்டார். நாங்கள் அடித்த பாடப் புத்தகங்களையே அங்கே வரிசையில் நின்று நகலெடுத்துக்கொண்டு போவார்கள். கேள்வித்தாளை விற்றவர் கடை என்றுதான் அந்தக் கடைக்கு அடையாளம் சொல்வார்கள். இப்போது அவருக்கு எழுபத்தெட்டு வயது.

இதற்கு மேல் உட்கார்ந்திருக்க முடியாமல் எழுந்து முன் அறைக்குப் போனேன்.

“வா பாப்பா,” என்றார் சித்தப்பா. “நீதானே எழுதின? ‘சொந்தத் தொழில் பார்க்க விரும்பி விலகினார்.’ படிக்க நல்லாத்தான் இருக்கு. கல்யாணமாகிப் போன பொண்ணு மாதிரி.”

“நான் எழுதினது வேற சித்தப்பா. அண்ணன்தான் மாத்தினார்.”

“மாத்தாம?” அண்ணன் குரல் ஏறியது. “கண்காட்சிக்குத் துணைவேந்தர் வர்றாரு. முப்பத்தாறு வருஷம் கழிச்சு, எங்க வீட்டுலதான் கேள்வித்தாள் வெளியே போச்சுன்னு நாமே அச்சடிச்சுக் கையில குடுக்கணுமா? புத்தியிருக்கிறவன் செய்வானா?”

“நான் விக்கலைன்னு ஒரு வரி போடு. வேற எதுவும் வேண்டாம்,” என்றார் சித்தப்பா. “கட்டை மேசைக்கு அடியில வெச்சது நான்தான். அதையும் போடு. நான் மறைக்கலை.”

“நீங்க இல்லேன்னா யாருன்னு அடுத்த கேள்வி வருமே. அதுக்கு என்ன போடறது?”

எனக்குப் பொறுக்கவில்லை. முப்பத்தாறு வருடமாக வாயில் அடைத்து வைத்திருந்தது. “உனக்குத் தெரியாதா அண்ணா? கைக்கு வந்த தாளை இழுத்துச் சுத்தற ஆள் நீதானே? நீ பேசாம இருந்ததாலதானே சித்தப்பா போனார்?”

அண்ணன் என்னைப் பார்த்த பார்வை கோபமாக இல்லை. அதுதான் என்னைக் குழப்பியது.

“நானா? மேசையில அந்தக் கட்டுப் பக்கம் உக்காந்திருந்தது யாரு? குனிஞ்சு குனிஞ்சு தாள் எடுத்தது யாரு? அப்பா என்னைக் கூப்பிட்டுக் கேட்டப்ப, தெரியாதுன்னு சத்தியம் பண்ணினேன். எதுக்குன்னு நினைச்ச? உன்னைக் காப்பாத்தத்தான். இத்தனை வருஷம் உன் மூஞ்சியைப் பார்க்கறப்பெல்லாம் எனக்கு அந்த ஞாபகம்தான்.”

நான் கட்டுப் பக்கம் உட்கார்ந்திருந்தேன், உண்மைதான். குனிந்து தாள் எடுத்தேனா? பழைய தாள் பெட்டியும் அதே பக்கம்தான் இருந்தது. எவ்வளவு யோசித்தாலும் மழைச் சத்தம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

சித்தப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “நல்லா இருக்கு. ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் காப்பாத்தியிருக்கீங்க. நடுவுல நான் கடை போட்டுட்டேன்.” குடையைத் தேடி எடுத்தார். “எனக்கு யார்னு தெரிய வேண்டாம். நான் விக்கலை. அதைப் போடு.”

அவர் போன பிறகு அண்ணன் ஒரே பிடியாக நின்றார். “யாருன்னு நிச்சயமாத் தெரிஞ்சா, என் பேரா இருந்தாலும் போட்டுக்கோ. தெரியாம அந்தப் பக்கத்தை மெஷின்ல ஏத்த மாட்டேன்.” அப்பா இல்லை. அந்தக் காலத்தில் வேலை பார்த்த ஆட்களும் யாரும் இல்லை. யாரிடம் போய்க் கேட்பேன்? அந்தப் பக்கம் இன்னும் காலியாகவே கிடக்கிறது. எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு முப்பத்திரண்டு பக்கத்தையும் கிழித்துப் போடலாம் போலிருக்கிறது.

அதனால் இங்கே எழுதுகிறேன். இந்த இணையப் பக்கத்தைப் படிப்பவர்களில் எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். கணக்குப் பரீட்சை நின்றுபோன அந்த வருடம், மாணவர் மன்ற அறையில் நோட்டீஸ் பார்சலைப் பிரித்தவர் உங்களில் யாராவது உண்டா? அண்ணன் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சு மேல் முடிச்சாகப் போடுவார், வெட்டினால்தான் பிரியும். நான் ஒரு சுற்றுச் சுற்றிச் சுருக்கு முடிச்சுப் போடுவேன். கேள்வித்தாள் சுற்றியிருந்த அந்தப் பார்சலை எப்படிப் பிரித்தீர்கள்? கத்திரிக்கோல் தேடினீர்களா, நுனியைப் பிடித்து இழுத்தீர்களா? திங்கட்கிழமைக்குள் கீழே ஒரு வரி எழுதுங்கள்.