செம்பாக்கத்தில் நின்ற வண்டி

திரிபுரசுந்தரியின் மாருதி 800-ஐ ஒரே ஒருமுறைதான் வெளி மெக்கானிக் தொட்டிருந்தான். தொண்ணூற்றொன்பதாம் வருடத்து வண்டி. செகண்ட் ஹேண்டில் வாங்கிய புதிதில், வீடிருந்த மாடம்பாக்கத்திலேயே ஒரு ஷெட்டில் விட்டாள். எஞ்சின் ஏன் இப்படிச் சூடாகிறது என்று கேட்டதற்கு அங்கிருந்தவன், "சாரை இட்டுகினு வாங்க மேடம், அவராண்ட சொல்லிக்கிறேன்" என்றான்.

சார் என்றால் அவள் கணவர் ஸ்ரீரங்கன். அவருக்கு வண்டியில் எந்தப் பக்கம் பெட்ரோல் போடுவது என்பதே தெரியாது. இருபது வருடமாகப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்தவளுக்கு அந்தப் பதில் சுருக்கென்று தைத்தது. அடுத்த வாரமே ஒரு ஸ்பேனர் செட்டும் பழைய சர்வீஸ் புத்தகம் ஒன்றும் வாங்கி வந்தாள். முதலில் ஆயில் மாற்றக் கற்றுக்கொண்டாள். பிறகு பிளக், பிரேக் ஷூ. மூன்றாம் வருடம் கார்புரேட்டரையே கழற்றி, சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்துச் சுத்தம் செய்து மாட்டினாள்.

அவளோடு அதே பள்ளியில் கணக்கு எடுத்தவள் கிறிஸ்டினா. பத்து வயது இளையவள். வீடு இரண்டு தெரு தள்ளி. மேடவாக்கத்திலிருந்த பள்ளிக்குப் பதினோரு வருடம் இருவரும் அந்த வண்டியில்தான் போய்வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் கிறிஸ்டினா நேராக அங்கே வந்துவிடுவாள். சுந்தரி வண்டிக்கடியில் படுத்திருக்க, அவள் வாசற்படியில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவாள்.

"கிறிஸ்டி, அந்தப் பதினாலை எடு."

"அதுக்குப் பன்னெண்டுதான்க்கா சேரும். போன தடவையும் இதேதான் கேட்டீங்க."

ஸ்பேனர் சைஸெல்லாம் அவளுக்கு அப்படியே பழகிப்போயிருந்தது. ஸ்டாஃப் ரூமில் யாராவது பழைய வண்டி என்று கேலி செய்தால் சுந்தரிக்கு முன்னால் அவள்தான் வாயைத் திறப்பாள். "எங்க சுந்தரிக்கா வண்டி நடுரோட்டுல நின்னதே இல்ல, தெரியுமா?"

ஒரு ஜனவரியில், எஞ்சினுக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் ரப்பர் குழாய் இறுகி, உட்புறம் பொடிப்பொடியாக உதிரத் தொடங்கியிருப்பதை சுந்தரி பார்த்தாள். புதுக் குழாயும் வாங்கிச் சமையலறை அலமாரியில் வைத்தாள். ஆனால் அந்த வாரம் குடியரசு தினம் வந்தது. காலனி சங்கத் தலைவர் ஜெயகிருஷ்ணன் வீடு தேடி வந்து, "மேடம், கொடியேத்தும்போது உங்க வண்டி பக்கத்துல நிக்கட்டும். போட்டோல பிரமாதமா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஞாயிறு முழுவதும் அவள் வண்டிக்கு மெழுகு போட்டுத் துடைத்தாள். குழாய் அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிப்போனது.

செவ்வாய்க்கிழமை மதியம் கிறிஸ்டினாவுக்குத் தம்பி ஆல்வினிடமிருந்து போன் வந்தது. அவர்களுடைய அம்மா கன்னியம்மா மூச்சுத்திணறலுக்காக முடிச்சூர் ரோட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு நாளாக இருந்தார். காலையில் நன்றாகத்தான் பேசியிருந்தார். போனை வைத்துவிட்டு கிறிஸ்டினா ஸ்டாஃப் ரூம் வாசலில் அப்படியே நின்றாள்.

"அம்மாக்கு ரொம்ப முடியலயாம். உடனே வரச் சொல்றான். நான் ஆட்டோ புக் பண்றேன்க்கா."

"ஆட்டோ எதுக்கு? நான் இருக்கேன்ல. அரை மணி நேரத்துல கொண்டுபோய் விட்டுடறேன்" என்று சுந்தரி சாவியை எடுத்துக்கொண்டாள்.

செம்பாக்கம் தாண்டும்போது எஞ்சின் இருமியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வேகம் எடுப்பதற்குப் பதிலாக அடங்கியது. இரண்டு முறை குலுங்கிவிட்டு ரோட்டோரத்தில் நின்றே போனது. என்ன கோளாறு என்று சுந்தரிக்கு உடனே தெரிந்துவிட்டது. உதிர்ந்த ரப்பர் துணுக்கு ஒன்று கார்புரேட்டரின் சிறு துவாரத்தில் போய் அடைத்திருக்கிறது. கழற்றி ஊதிவிட்டால் சரியாகிவிடும்.

பானெட்டைத் தூக்கிவைத்துக் குனிந்தபோது பின்னால் ஓர் ஆட்டோ வந்து நின்றது.

"இன்னாம்மா, வண்டி மக்கர் பண்ணுதா? எங்க போவணும்?" என்றார் டிரைவர்.

"முடிச்சூர் ரோடு ஆஸ்பத்திரி அண்ணா" என்றாள் கிறிஸ்டினா.

"ஏறு, இட்டுகினு போறேன்."

கிறிஸ்டினா ஆட்டோவின் கம்பியில் கை வைத்தாள். சுந்தரி தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "வேண்டாம்ப்பா. சின்ன அடைப்புதான். அஞ்சு நிமிஷத்துல கிளம்பிடும்."

கிறிஸ்டினா அவளைப் பார்த்தாள். பிறகு கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"உங்க இஷ்டம்மா" என்று டிரைவர் வண்டியை எடுத்தார்.

ஐந்து நிமிடம் பதினைந்து ஆனது. வண்டி கிளம்பியது. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் மறுபடி நின்றது, வேறொரு துணுக்கு. இந்த முறை அவசரத்தில் சுந்தரியின் கையிலிருந்து சின்னத் திருகு ஒன்று நழுவி எஞ்சின் சந்தில் விழுந்துவிட்டது. அதைத் தேடி எடுப்பதற்குள் ஆல்வின் இரண்டு முறை கூப்பிட்டான். இரண்டு முறையும் கிறிஸ்டினா, "வந்துட்டே இருக்கோம்டா" என்றாள். அவர்களைக் கடந்து காலி ஆட்டோக்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. கிறிஸ்டினா எதையும் கைகாட்டி நிறுத்தவில்லை. போய்விடு என்று சுந்தரியும் சொல்லவில்லை.

திருகை மாட்டிச் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் சீராக ஓடத் தொடங்கியது. அந்த நொடியில் சுந்தரிக்கு ஒரு சந்தோஷம் வந்தது. ஜெயித்துவிட்ட சந்தோஷம். பின்னாளில் நினைக்கும்போதெல்லாம் அவளால் பொறுத்துக்கொள்ள முடியாமல் போனது அந்தச் சந்தோஷத்தைத்தான்.

ஆஸ்பத்திரி மாடியில் ஆல்வின் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். அக்காவைப் பார்த்ததும் முகம் கோணியது.

"அம்மா போய்க் கால் மணி நேரம் ஆச்சுக்கா. ரெண்டு தடவ கேட்டாங்க, கிறிஸ்டி வந்துட்டாளான்னு."

கிறிஸ்டினா உள்ளே ஓடினாள். சுந்தரி தாழ்வாரத்தில் நின்றாள். இரண்டு கையும் கறுப்பு கிரீஸ். கதவைப் பிடிக்க முடியவில்லை, கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு நர்ஸ் பஞ்சு கொண்டுவந்து கொடுத்தாள்.

மறுநாள் படப்பையில் அடக்கம். கல்லறைத் தோட்டத்தில் கிறிஸ்டினா சுந்தரியின் தோளில் சாய்ந்துதான் அழுதாள். ஒரு சொல் குறை சொல்லவில்லை. அன்று சாயங்காலம் வீடு திரும்பியதும் சுந்தரி புடவைகூட மாற்றாமல் போய்ப் புதுக் குழாயை எடுத்து மாட்டினாள். பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டது. பானெட்டை மூடாமல் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஸ்ரீரங்கன் வந்து பக்கத்தில் நின்றார்.

"பழைய வண்டி. நிக்கத்தான் செய்யும். நீ என்ன பண்ணுவே?" என்றார்.

ஆட்டோ வந்ததை அவள் அவரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு மாத விடுப்பு முடிந்து வந்த கிறிஸ்டினா, தன் பையனை டியூஷனில் விட்டுவிட்டு வர வேண்டியிருக்கிறது என்று பஸ்ஸில் போகத் தொடங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதும் நின்றுபோனது. மே மாதம் கூடுவாஞ்சேரிப் பக்கம் வேறு பள்ளியில் வேலை கிடைத்து வீட்டையும் மாற்றிக்கொண்டு போனாள். போகும்போது வந்து சொல்லிவிட்டுத்தான் போனாள். காப்பியும் குடித்தாள். வாசலில் நின்ற வண்டியின் பக்கம் இருவருமே பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வருடம் கழித்துத்தான் பார்த்துக்கொண்டார்கள். பழைய பள்ளியின் ஜீவிதா மிஸ் மகளுக்குக் குன்றத்தூரில் கல்யாணம். சாப்பாடு முடிந்து மண்டபத்துக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். கிறிஸ்டினாவுக்குக் காதோரம் நரைத்திருந்தது. பையனின் பிளஸ் டூ, சுந்தரியின் பென்ஷன் என்று பேச்சு சுற்றிவந்தது. சுந்தரிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"கிறிஸ்டி, அந்தக் குழாய் கெட்டுப்போனது எனக்கு முன்னாடியே தெரியும். புதுசு வாங்கி வீட்டுல வெச்சிருந்தேன். போட்டோவுக்காக மெழுகு போட்டுண்டு இருந்தேன். அன்னிக்கு அந்த ஆட்டோவை நான்தான் அனுப்பினேன். என் வண்டியால முடியலன்னு ஆயிடக் கூடாதேன்னு அனுப்பினேன். உன் அம்மாவை நான் நினைக்கவே இல்ல. மூணு வருஷமா சொல்லணும்னு இருக்கேன்."

கிறிஸ்டினா கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"குழாய் விஷயம் எனக்குத் தெரியாதுக்கா" என்றாள் கடைசியில். "ஆட்டோ தெரியும். நான் ஏறியிருக்கலாமே. எங்கம்மாதானே? நீங்க வேண்டாம்னா நான் ஏன் கேக்கணும்? ஏறினா உங்க மனசு கஷ்டப்படுமேன்னு நின்னேன். ரெண்டாவது தடவையும் அதுக்குத்தான் நின்னேன். இதை ஆல்வின்கிட்டகூட நான் சொல்லல. டிராஃபிக்னு சொல்லி வெச்சிருக்கேன்."

இத்தனை நாள் தன் தப்பு என்று நினைத்து சுந்தரி தனியாகச் சுமந்ததில் பாதியை இவளும் ஓசையில்லாமல் சுமந்திருக்கிறாள். முன்பே வாய் திறந்திருந்தால் இவளுக்காவது பாரம் குறைந்திருக்கும்.

"நீ என்ன தப்பு பண்ணினே? என்னைத் திட்டு, கிறிஸ்டி."

"கோவம் இல்லக்கா. சத்தியமா இல்ல. ஆனா உங்களப் பாத்தா எனக்கு அந்த ரோடுதான் கண்ணுல நிக்குது. அதனாலதான் வரல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னைக்கும் உங்களப் பாத்ததும் பின்வாசல் வழியா போயிடலாமான்னு நினைச்சேன்."

சுந்தரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கிறிஸ்டினா விலக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்தாள். சுந்தரி பஸ் நிறுத்தம்வரை கூடவே நடந்தாள். வண்டியில் விடுகிறேன் என்று அவள் சொல்லவில்லை.

இப்போது மாதத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் போன் செய்கிறார்கள். பையனுக்கு இன்ஜினியரிங் கிடைத்தது, ஸ்ரீரங்கனுக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது என்று பத்து நிமிடம் பேசுகிறார்கள். எப்போது வருகிறாய் என்று சுந்தரி கேட்பதில்லை. வாருங்கள் என்று கிறிஸ்டினாவும் சொல்வதில்லை.