யாருக்கு: அவிய

புரோகிராம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க யோகேஸ்வரி எழுதிய டெஸ்ட் தோற்றால் திரையில் பிழைச்செய்தி வராது, புகார்க்கடிதமே வரும். 'மூட்டை எடை அம்பது வரணும், நாப்பத்தெட்டுதான் வருது, அவியளச் செத்த பாக்கச் சொல்லுங்க' என்று. ராஜபாளையத்தில் நூல் மில்லுகளுக்கு சாஃப்ட்வேர் செய்யும் அந்த ஆபீஸில் மொத்தமே ஆறு பேர். 'அவிய' என்றால் பக்கத்து மேஜை முத்துப்பாண்டி, அவள் புருஷன் என்பது எல்லோருக்கும் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் பேர் சொல்லித்தான் கூப்பிட்டாள். தாலி ஏறிய மறுநாளிலிருந்து நாக்கு எழவில்லை. படித்த பெண்ணுக்கு இதென்ன என்று கேட்டால் அடுத்த டெஸ்ட்டை ஓட்டப் போய்விடுவாள்.

இந்தக் கதையெல்லாம் உட்கார்ந்து படிக்க ஆளில்லை, புரோகிராமே படித்து உரியவருக்கு அனுப்புகிற மாதிரி ஒரே அச்சில் எழுது என்றார் முதலாளி ஐயாதுரை. எந்த டெஸ்ட், எதிர்பார்த்தது, வந்தது, யாருக்கு. ஒரு வாரத்தில் அத்தனையையும் மாற்றி முடித்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் முத்துப்பாண்டி மீசையைத் தடவிக்கொண்டு, தனக்கு ஒரு பிழைகூட வரவில்லை என்றான். அவன் எழுதிய புரோகிராம் திங்கட்கிழமை மில்லில் ஓட வேண்டும். இன்னொரு தடவை சொதப்பினால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று ஐயாதுரை ஏற்கெனவே சொல்லியிருந்தார். அவள் நம்பவில்லை. புருஷன் தங்கமான மனுஷன்தான். ஆனால் பிழையில்லாமல் எழுதுகிற ஜாதியில்லை.

தேடினாள். ஆள் தெரியாதவை என்று புரோகிராம் ஒதுக்கிய மூலையில் பதினொரு பிழைகள் கிடந்தன. அத்தனையிலும் 'யாருக்கு: அவிய'.

வேறு வழியில்லை. முகம் சூடாக, பதினொரு இடத்திலும் அவன் பேரை அடித்து மறுபடி ஓட்டினாள். பிழைக்கு ஒரு தடவையாகப் பக்கத்து மேஜையில் அவன் போன் விடாமல் அடித்தது.

அவன் குனிந்து மெதுவாகக் கேட்டான்: "கல்யாணத்துக்குப் பொறவு எம் பேரு ஒங் கையால வருதுன்னா, தப்புக்குத்தானா?"

"எழுதத்தான செஞ்சேன். சொல்லலையே. போயி சரி பண்ணுங்க."

பண்ணினான். சாயங்காலம் பதினொன்றும் தேறித் திரையில் பச்சையானபோது ஐயாதுரை தலையாட்டிவிட்டுப் போனார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் அவள் முன்னால் ஏறி இடம் பிடித்தாள். வடை வாங்கப் போனவன் கடை வாசலில் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். பஸ் நகர்ந்தது. "ஏங்க" என்று ஜன்னல் வழியே கூப்பிட்டாள். நாலு ஆண்கள் திரும்பினார்கள். அவன் திரும்பவில்லை.

"முத்துப்பாண்டி" என்று கத்தினாள்.

அவன் ஒருவன்தான் திரும்பினான். வடைப் பொட்டலத்தோடு ஓடி வந்து ஏறி, ஊர் வந்து சேரும்வரை சிரித்துக்கொண்டே இருந்தான்.