அனுப்புநர் இல்லாத கவர்

முதல் கவரில் முகவரி பின்பக்கம் விழுந்தது. இரண்டாவதில் முன்பக்கம்தான், ஆனால் தலைகீழாக. மூன்றாவது பிரிண்டருக்குள் சிக்கிக் கசங்கி வெளியே வந்தது. தூத்துக்குடிக் காற்றில் கவரின் பசை தானாகவே இளகும். மடிப்பு பாதி ஒட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை.

பத்துக் கவர் வாங்கியிருந்தேன். தெருமுனையில் பால்துரை அண்ணாச்சி கடை.

“எத்தனை லெட்டர் சார்?”

“ஒண்ணு.”

“ஒரு லெட்டருக்குப் பத்துக் கவரா? ஒரு பேனா வாங்கிட்டுப் போங்க சார். சோலி முடிஞ்சுது.”

பேனா இருக்கிறது. என் கையெழுத்துதான் ஆகாது.

ஓட்டப்பிடாரத்தில் இருக்கும் பேச்சிச்செல்விக்கு இதற்குமுன் இரண்டு கடிதங்கள் அனுப்பினேன். இரண்டும் பிரிக்கப்படாமல் திரும்பின. ‘வாங்க மறுத்தார்’ என்று தபால்காரர் சிவப்பு மையில் எழுதியிருந்தார். இந்த முறை அனுப்புநர் பெயரை விட்டுவிடலாம். எழுத்தை என்ன செய்வது? அவளுக்கு அது தெரியும். விபத்து அறிக்கையின் நகலை ஆறு வருடமாக வைத்திருக்கிறாள். நான்கு பக்கம். முழுக்க என் கை.

முத்துச்செல்வம் அவள் கணவன். துறைமுகத்தில், நான் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்த கம்பெனியில், கப்பலிலிருந்து பெரிய மரத்தடிகளை இறக்கும் வேலை. கிரேன் தூக்கும்போது கம்பி வடம் அறுந்தது. தடி அவன்மேல் விழுந்தது. அங்கேயே இறந்தான். அவன் குடித்திருந்தான் என்று அறிக்கையில் எழுதினேன்.

அவன் குடித்திருக்கவில்லை.

கம்ப்யூட்டரில் வேர்டு ஏதோ ஒரு அமெரிக்கக் கவர் அளவைத் தானாக எடுத்துக்கொண்டிருந்தது. கவரை ஸ்கேலால் அளந்தேன். இருபத்திரண்டு சென்டிமீட்டர் நீளம், பதினொன்று அகலம். அதை மாற்றினேன். பிரிண்டரின் அமைப்பில் இன்னும் A4 என்றே இருந்தது. அங்கேயும் மாற்றவேண்டும் என்பதை நான்காவது கவரில்தான் கற்றேன். ஊர்ப் பெயரில் ‘ஓட்டப்’ மட்டும் விழுந்தது. ‘பிடாரம்’ கவருக்கு வெளியே போய்விட்டது.

ஐந்தாவதில் எல்லாம் சரியான இடத்தில் இருந்தது. ஆனால் இடது மூலையில், நான் அடிக்காத நான்கு வரிகள். கிருபை ஜாபேஸ், எங்கள் வீட்டு எண், தெரு, ஊர். என் மனைவி போன கிறிஸ்துமஸுக்குச் சபைப் பெண்களுக்குக் கடிதம் அனுப்பியபோது கொடுத்தது. வேர்டு அதை ஞாபகம் வைத்திருந்தது. அனுப்புநரை விட்டுவிடு என்பதற்கு அங்கே ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதில் டிக் அடித்தேன்.

ஆறாவது கவர் சுத்தமாக வந்தது. நடுவில் அவள் பெயர். மூலை காலி.

கிருபை அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வந்தாள்.

“காலையில இருந்து அந்த மிஷினப் போட்டு என்ன பாடு படுத்துதிய? யாருக்கு இது? கலெக்டர் ஆபீஸ் தபால் மாதிரில்லா இருக்கு.”

குனிந்து பெயரைப் படித்தாள்.

“முத்துச்செல்வம் பொண்டாட்டியா?”

“ம்.”

“பாவம், அவ திங்கக்கிழமதோறும் மனுவோட கலெக்டர் ஆபீஸ்ல நிக்கான்னு பக்கத்து வீட்டு ஜெயபிரியா சொன்னா. அந்த அறிக்கைய மாத்தணுமாம். இதப் பாத்தா பதில் வந்துட்டுன்னுல்லா நெனப்பா. நின்ன எடத்துலயே பிரிப்பா.”

அது எனக்குத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். பிரிக்கட்டும் என்றுதான் நினைத்தேன். பிரித்த பிறகு அவள் முகம் எப்படி ஆகும் என்பதை நினைக்காமல் இருந்தேன்.

மேசைமேல் கடிதம் கிடந்தது. அதுவும் அச்சடித்தது, ஒரே பக்கம். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கிருபை எடுத்தாள். வாய்விட்டுப் படித்தாள்.

“‘தங்களுக்கு நேர்ந்த இழப்புக்காகவும், என்னால் ஏற்பட்டிருக்கக்கூடிய மனவருத்தத்துக்காகவும்...’ இது என்ன மனவருத்தம்? நீங்க அவளுக்கு என்ன செஞ்சிய?”

பிரிண்டரின் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“அவன் அன்னைக்குக் குடிக்கல. வடம் பிஞ்சிருந்தது. நல்லா இருக்குன்னு முந்தின நாள் கையெழுத்துப் போட்டது நான்.”

அவள் உட்கார்ந்தாள்.

“குடிச்சிருந்தான்னு நீங்கதான வீட்ல வந்து சொன்னிய.”

“ஆமா.”

“நான் பெண்கள் கூட்டத்துல சொன்னேன். அவன் பேரச் சொல்லிச் சொன்னேன். குடிப்பிசாசு ஊரவிட்டுப் போகணும்னு முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினோம். இருபது பேரு.”

நான் ஆறாவது கவரை மேசைமேல் நேராக்கி வைத்தேன்.

“அந்த இருபது பேருக்கும் எந்தக் கவர்ல போட்டு அனுப்பப் போறிய?”

எழுந்து உள்ளே போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் தன் பைபிளோடு திரும்பி வந்தாள். ஜெப விண்ணப்பம் எழுதி அனுப்ப அதற்குள் எப்போதும் நாலைந்து அஞ்சலட்டைகள் வைத்திருப்பாள். ஒன்றை உருவி, ஆறாவது கவர்மேல் வைத்தாள்.

“இதுல எழுதுங்க. அவ பிரிக்க வேண்டாம்.”

“போற வழியெல்லாம் படிப்பாங்க, கிருபை.”

“அவன் குடிச்சான்னு சொன்னதையும் போற வழியெல்லாம்தான கேட்டாங்க.”

பேனாவை எடுத்தேன். ஆறு வருடத்துக்கு முன் நான்கு பக்கம் ஒரே மூச்சில் எழுதிய கை. முதல் வரிக்கு வெகுநேரம் ஆனது.

முத்துச்செல்வம் அன்று குடித்திருக்கவில்லை. குடித்திருந்தான் என்று நான் எழுதியது பொய். வடம் தேய்ந்திருந்தது. அது நல்ல நிலையில் இருப்பதாக முந்தைய நாள் கையெழுத்திட்டவன் நான். இதை எந்த விசாரணையிலும் வந்து சொல்வேன்.

அதற்குக் கீழே என் பெயர், முன்னாள் பதவி, வீட்டு முகவரி, போன் எண். மன்னிப்புக் கேட்க இடம் இல்லை.

கிருபை வாங்கிப் பார்த்தாள். தலையசைக்கவில்லை. திருப்பிக் கொடுத்தாள். மிச்சக் கவர்களை ரப்பர் பேண்டு போட்டு அலமாரியில் வைத்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். “ஈவாஞ்சலினக்கா, நம்ம கூட்டத்துல நான் சொன்னதப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும்” என்று அவள் ஆரம்பித்தது எனக்குக் கேட்டது.

தபால்பெட்டி பால்துரை அண்ணாச்சி கடைக்குப் பக்கத்தில். அட்டையை எழுத்துப் பக்கம் நெஞ்சில் படும்படி பிடித்துக்கொண்டு நடந்தேன்.

“என்ன சார், பத்துக் கவரும் தீந்துட்டா? கடைசில கார்டுக்கு வந்துட்டியளே!” என்று சிரித்தார். கையை நீட்டினார். “இந்தக் காலத்துல கார்டு யாரு சார் போடுதா, காட்டுங்க பாப்போம்.”

கொடுத்தேன்.

கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். உதடு அசையப் படித்தார். ஒரு பெண் பிள்ளையோடு வந்து பென்சில் கேட்டாள். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி மேலிருந்து படித்தார்.

பிறகு அட்டையை என்னிடம் நீட்டினார்.

“பெட்டில போட்டுருங்க” என்றார்.

சார் என்று சொல்லவில்லை.