கிளீனருக்குக் கேட்ட பூ

எங்கள் ஊர்ப் பெண்களைக் கேட்டால் இன்றைக்கும் சொல்வார்கள், மாமியாரை மாட்டுச்சாளைக்குத் துரத்திவிட்டு மெத்தையில் காலை நீட்டிப் படுத்தவள் இந்தச் சௌந்திரம் என்று. அதில் என் மாமியார் ஒரு வருஷம் சாளையில் இருந்தது மட்டும்தான் நிஜம். மெத்தை எங்கள் வீட்டில் கிடையாது. துரத்தியதும் நான் இல்லை, சாமிதான். சாமியோடு யார் சண்டைக்குப் போவார்கள்? அதனால் பழி சுலபமாக என் தலையில் விழுந்தது.

எல்லாம் ஒரு கினிப்பன்றியால் வந்தது. பெயரைக் கேட்டுவிட்டுக் கொழுத்த பன்றியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினால் அதற்குள் அடங்கிவிடும். வால் இல்லை. பாதி உடம்பு வெள்ளை, பாதி செம்பட்டை. எழுபத்தெட்டாம் வருஷம் என் வீட்டுக்காரர் செங்கோட்டையன் அதைப் பெங்களூரிலிருந்து கொண்டுவந்தார். சங்ககிரியில் அவருக்கு லாரித் தொழில். லாரியில் பாதி அவருடையது, பாதி அவருடைய அக்கா வீட்டுக்காரர் மயில்சாமி அண்ணனுடையது.

பெங்களூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் லோடு இறக்கும்போது இதைப் பார்த்திருக்கிறார். ஊசி போட்டுப் பார்ப்பதற்காக வளர்க்கிற பிராணியாம். இதற்குப் பல் கோணல், தீனி எடுப்பதில்லை என்று கழித்து வெளியே வைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் ஆறடி ஆள். செக்போஸ்ட்டில் அவர் குரலைக் கேட்டால் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான். ஆனால் வாயில்லாச் சீவனைக் கண்டால் மனுஷன் கரைந்துபோவார். அன்றைக்குக் கிளீனர் காய்ச்சல் என்று வேலைக்கு வரவில்லை. அவன் உட்காரும் இடத்தில், ஆப்பிள் பெட்டிக்குள் வைக்கோல் போட்டு இதை உட்காரவைத்துக் கொண்டுவந்தார். அதனால் கிளீனர் என்றே பெயராகிவிட்டது.

வந்த கிளீனர் ஒன்றும் தின்னவில்லை. புல்லைக் கண்டதும் 'வீக் வீக்' என்று விசில் அடித்துக்கொண்டு ஓடி வரும். வாயில் வைக்கும், மெல்ல முடியாமல் கீழே விட்டுவிடும். மோவாயெல்லாம் எச்சில் ஒழுகும். சங்ககிரி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் எருமைக்கு ஊசி போட்டுக் கைகழுவிவிட்டு வந்து, இதைப் பார்த்ததும் சிரித்தார். சிரித்தாலும் நன்றாகத்தான் பார்த்தார். இதற்கு ஆயுசு முழுக்கப் பல் வளர்ந்துகொண்டே இருக்குமாம். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் நேராக இருந்தால் ஒன்றோடொன்று தேய்ந்து அளவாக நிற்கும். இதற்குக் கோணல் என்பதால் தேயாது, நீண்டு வாயைக் குத்தும். குணமாகிற சீக்கு இல்லை, மாசாமாசம் வெட்டிவிட வேண்டும் என்றார். எப்படி வெட்டுவது என்று எனக்குச் செய்தும் காட்டினார். மெல்ல முடியாத நாட்களில் தழையை அரைத்து ஊட்டுங்கள், நெல்லிக்காய் அவசியம் கொடுங்கள், வயிற்றைக் காயப்போட்டால் ஒரே நாளில் போய்விடும் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொன்னபோது என் மாமியார் பொன்னாத்தாள், ஒரு பல்கூட இல்லாத வாயைத் திறந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"எனக்கு இல்லாத பல்லெல்லாம் இதுக்கு மொளைக்குதாட்ட இருக்குது," என்றார்.

அத்தைக்கும் எனக்கும் அதுவரை பெரிய ஒட்டுதல் கிடையாது. நான் வைக்கிற குழம்பு, கட்டுகிற சேலை, கோலம் போடும் கை எல்லாவற்றிலும் அவருக்குக் குறை. எனக்கும் வாய் கொஞ்சம் நீளம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பல் வெட்டுவது ஒரு ஆள் செய்கிற காரியம் இல்லை. ஒருவர் துண்டில் சுற்றிப் பிடிக்க வேண்டும், ஒருவர் நகவெட்டியால் வெட்ட வேண்டும். வீட்டுக்காரர் பிடித்தால் கண்ணை மூடிக்கொள்வார். ஆகவே அத்தை பிடிப்பார், நான் வெட்டுவேன். அந்த நேரத்தில் மட்டும் நாங்கள் சண்டை போடமாட்டோம். மூச்சுக்கூட மெதுவாகத்தான் விடுவோம். வெட்டி முடித்ததும் கிளீனர் நாக்கால் வாயைத் தடவிப் பார்த்துவிட்டு, நின்ற இடத்திலேயே நாலு குதி குதிக்கும். அதைப் பார்த்து நாங்கள் இருவரும் சிரிப்போம். அப்புறம் அவரவர் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம்.

அத்தை அதைக் கொஞ்சிப் பேசி நான் கேட்டதில்லை. நாள் முழுக்கத் திட்டுவார். தின்னிக் கழுதை, தூங்குமூஞ்சி, சீக்காளி. திட்டிக்கொண்டே விடியுமுன் வரப்பில் அருகம்புல் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு வருவார். மடி உரசுகிற சத்தம் வாசலில் கேட்டாலே உள்ளே விசில் கிளம்பிவிடும். எனக்கு அது விசில் அடித்ததே இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது தொப்பூர்க் கணவாயில் லாரிக்கு ஆக்ஸில் உடைந்தது. ரிப்பேர் பார்த்து எடுத்துவந்த கையோடு கிளட்ச் போயிற்று. மயில்சாமி அண்ணன் வந்து, காப்பியைத் தொடாமல் உட்கார்ந்தார். சீக்கு விழுந்த சீவனை வீட்டில் வைத்துக்கொண்டு லாரியை லைனுக்கு அனுப்பினால் எப்படி விளங்கும் என்றார். அது வந்த நாளிலிருந்துதான் லாரி பட்டறையிலேயே நிற்கிறதாம். அதை எங்காவது விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் லாரித் தொழிலில் கூட்டைப் பிரித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். அக்கா வீட்டுக்காரரை எதிர்த்துப் பேச என் வீட்டுக்காரருக்கு வாய் வராது. எனக்கு வந்தது. அதற்குள் அத்தை கையைக் காட்டி நிறுத்திவிட்டார். நீயும் சொல்ல வேண்டாம், நானும் சொல்ல வேண்டாம், சாமியிடம் பூக்கேட்டுப் பார்ப்போம் என்றார்.

எங்கள் பக்கத்தில் கல்யாணமோ கிணறு வெட்டுவதோ, மனசு இரண்டாக நின்றால் குலதெய்வத்திடம் பூக்கேட்போம். வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று, தனித்தனியாக இலையில் ஒரே மாதிரி பொட்டலம் கட்டிப் பூசாரி சாமி காலடியில் போடுவார். கேட்க வேண்டியதைக் கேட்டபின் அங்கே நிற்கிற குழந்தை ஒன்று ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுக்கும். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. கேட்டதையே மறுபடி கேட்க அடுத்த வருஷத்து நோம்பி, அதாவது கோயில் திருவிழா, வரவேண்டும்.

நோம்பியன்று அத்தைதான் கேட்டார். "இந்தச் சீவன் எங்க ஊட்டுல இருக்கலாமா சாமி?"

சிவப்பு வந்தது.

மயில்சாமி அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் வீட்டுக்காரர் கோயில் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதை அனுப்புவது என் பொறுப்பு, நீங்கள் யாரும் தலையிடக் கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் ஆப்பிள் பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பொழுது சாய்கிற நேரத்தில் காட்டுப் பக்கம் நடந்தார். காட்டில் கீரி உண்டு, பூனை உண்டு, பருந்து உண்டு. எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இந்தக் கிழவி கல்மனசுக்காரி என்று எனக்கு முன்பே தெரியும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அவர் திரும்பி வந்தாரா என்றுகூடப் பார்க்கவில்லை.

விடிந்ததும் பார்த்தால் அவருடைய கயிற்றுக் கட்டிலைக் காணோம். எங்கள் வெள்ளாமைக் காட்டின் கோடியில் ஒரு மாட்டுச்சாளை உண்டு. நாலு தூணும் ஓலைக்கூரையும்தான். ஓடினேன். அங்கே இரண்டு எருமைக்கும் ஒரு கன்றுக்கும் நடுவில் கட்டில் கிடந்தது. கட்டிலில் அத்தை. மடியில் கிளீனர். பேனாவுக்கு மை ஊற்றுகிற பில்லரால் பச்சைத் தழைச்சாறு ஊட்டிக்கொண்டிருந்தார்.

நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். அவர் நிமிரவில்லை.

"சாமி ஊட்டுல இருக்கப்படாதுன்னுச்சு. ஊட்டை உட்டு வந்துருச்சு," என்றார். "இது தனியா இருந்தாச் செத்துப்போகுமல்ல. அதான் நானும் வந்துட்டேன். என்னைய ஏனம்மிணி அப்படிப் பாக்கற?"

கட்டில் காலடியில் அவருடைய வெற்றிலை இடிக்கிற இரும்பு உரல் இருந்தது. அதற்குள் கொத்தமல்லியும் நெல்லிக்காயும் நசுங்கிக் கிடந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரொம்ப நாளாகவே அத்தையின் உதடு சிவப்பாக இல்லை. பல் இல்லாதவர், இடிக்காமல் வெற்றிலை போட முடியாது. சுண்ணாம்பு வாசம் பட்டால் கிளீனர் தழையைத் தொடாது என்பதால் வெற்றிலையையே விட்டிருக்கிறார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, என் குழம்பில் அவர் கண்ட குறையைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன், இதைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வாருங்கள், நான் சாளையில் படுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். உனக்கு ராத்திரி இருட்டென்றால் பயம், மழைக்கு ஒழுகும், இதற்கு உன் கைவாகு தெரியாது என்று ஆயிரம் சொன்னார். அவர் மகன் வந்து கெஞ்சினார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் என் வீட்டுக்காரர் லாரித் தார்ப்பாயைக் கொண்டுவந்து ஓலைக்கு மேல் இழுத்துக் கட்டினார்.

அப்படித்தான் அந்த வருஷம் போயிற்று. மூன்று வேளையும் நான் சோறு எடுத்துக்கொண்டு போவேன். பல் வெட்டுகிற நாளில் நகவெட்டியும் துண்டும் எடுத்துக்கொண்டு போவேன். கிளீனர் ஒரு சமயம் தேறும், ஒரு சமயம் ஒன்றும் எடுக்காமல் மூலையில் சுருண்டுகொள்ளும். அப்போது அத்தை அதைச் சேலைக்குள் போட்டுக்கொண்டு பகலெல்லாம் உட்கார்ந்திருப்பார். அது 'குர்' என்று சத்தம் கொடுத்தால்தான் அவர் கஞ்சியைத் தொடுவார்.

ஊர் சும்மா இருக்குமா? கிளீனர் அவர்களுக்கு எலி. எலிக்கு இடம் கொடுத்து மாமியாரை வெளியே போட்டாள் என்றார்கள். எலி வெளியே இருக்கிறது என்பதைக்கூட யாரும் கவனிக்கவில்லை. நான் வெளியில் வாயைக் கட்டிக்கொண்டேன். ஆனால் வீட்டுக்குள் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தால் சொல்ல ஆள் இல்லை. கோலம் கோணினால் கேட்க ஆள் இல்லை. அத்தை இல்லாமல் எனக்கு அந்த வீடு பிடிக்கவில்லை. இதைப்போய் யாரிடம் சொல்வது, சொன்னால் நம்புவார்களா?

இதற்கிடையில் லாரிக்கு மறுபடி ஆக்ஸில் உடைந்தது. மயில்சாமி அண்ணன் சாளைக்கே வந்து, பேச்சை எங்கெங்கோ சுற்றிவிட்டு, அதை வெளியே விட்டதுதான் குற்றமாகிவிட்டதோ என்னவோ, வீட்டுக்கே கொண்டுபோய்விடலாமே என்றார். சாமி சொன்னதை மாப்பிள்ளை சொல்லி மாற்ற முடியாது என்று அத்தை முடித்துவிட்டார். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. ஏற்ற வேண்டியதைப் போல ஒன்றரை மடங்கு லோடு ஏற்றச் சொன்னவர் அண்ணனேதான்.

அடுத்த நோம்பி வந்தது. அத்தை தலைக்கு ஊற்றிக்கொண்டு, கிளீனரைப் பெட்டியோடு கோயிலுக்குத் தூக்கிவந்தார். அந்த ஒரு வருஷத்தில் ரொம்ப இளைத்துப்போயிருந்தார். பனியில் படுத்துப் படுத்து இருமல் வேறு. கிளீனருக்கும் வயசாகிவிட்டது. இன்னொரு மார்கழியைச் சாளையில் இரண்டு பேரும் தாங்கமாட்டார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

பூசாரி பொட்டலத்தைப் போட்டார். அத்தை கையெடுத்துக் கும்பிட்டார். "நானும் இதும் ஊட்டுக்குத் திரும்பி வரலாமா சாமி?" குரல் நடுங்கியது. சாமியிடம் பேசும்போது அவர் குரல் நடுங்கி நான் கேட்டதே இல்லை.

ஒரு சின்னப் பெண் குனிந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். பூசாரி கை நீட்டுமுன் நான் அதை வாங்கிக்கொண்டேன். எப்படிச் செய்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. பிரிக்கவில்லை. அப்படியே இடுப்பில் செருகிக்கொண்டேன்.

பூசாரி திகைத்துப்போனார். பிரித்துப் பார்க்க வேண்டாமா என்று மயில்சாமி அண்ணன் கேட்டார். நான் அத்தையைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"போன வருசம் நீங்க கேட்டீங்க, சாமி சொல்லுச்சு. இப்ப நான் கூப்பிடறனுங்க அத்தை. ஊட்டுக்கு வாங்க."

அத்தை என்னையும் என் இடுப்பையும் மாறி மாறிப் பார்த்தார். "அதுல செகப்பு இருந்துச்சுன்னா?"

"இருந்துட்டுப் போகுதுங்க. குத்தம் வந்தா எனக்கு வரட்டும். ஊருக்குள்ள ஏற்கெனவே இருக்கற பேரோட அதையும் சேத்துக்கறேன்."

என் வீட்டுக்காரர் காட்டுப் பக்கம் வேகமாக நடந்தார். சற்று நேரத்தில் கயிற்றுக் கட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீட்டுப் பாதையில் போவது தெரிந்தது. அத்தை சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தார். முதல்முறையாகக் கிளீனர் என்னைப் பார்த்து விசில் அடித்தது. பசியாகத்தான் இருக்கும். இருந்தாலும் என்னைப் பார்த்துத்தான் அடித்தது.

பாதி வழியில் அத்தை திரும்பிப் பார்த்தார். "வெரசா வா அம்மிணி. வெளிச்சம் இருக்கறப்பவே அதுக்குப் பல்லு வெட்டிப்போடலாம்."

கிளீனர் அதற்கப்புறம் இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டு, அத்தை மடியில் போயிற்று. மறுநாள் அந்த இரும்பு உரலை நானே கழுவி, வெற்றிலை வைத்து இடித்து அவர் கையில் கொடுத்தேன். அந்தப் பொட்டலம் சாமி மாடத்தில் காய்ந்து சருகாகி இன்னும் கிடக்கிறது. உள்ளே என்ன பூ என்று எனக்குத் தெரியாது. அத்தையும் கடைசிவரை கேட்கவில்லை.