கைக்குட்டையில் மேட்டு மண்

கைக்குட்டையின் முனைகளைத் திரவியம் ஒவ்வொன்றாக விரிக்கிறான், பூப்பொட்டலத்தைப் பிரிக்கிற பக்குவத்தில், நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பிடி மண், வெயில் பட்ட இடத்தில் மினுமினுக்கிறது, உச்சியிலேர்ந்து எடுத்தேன், கீழ ஆடு மேயுது, அசிங்கமா இருக்கும் என்கிறான், அவனுக்கு மூச்சு வாங்குகிறது, எனக்கோ எச்சில் ஊறுகிறது, இது மூத்தவன் பரணியைச் சுமந்திருந்தபோது பார்த்த மாலையா, இன்னும் சற்று நேரத்தில் வரப்போகிற மாலையா, மசக்கை மயக்கத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு மேட்டையே பார்த்து நிற்கிறேன். அது மலை இல்லை, சுரங்கம் ஓடிய காலத்தில் ஈயத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டிக் கொட்டி வளர்ந்தது, சுரங்கத்தை மூடி, சங்கு ஓய்ந்து, கம்பெனிக்காரர்கள் போன பிறகும் மேடு மட்டும் எங்கள் லைன் வீடுகளின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது, காற்றடித்தால் சோற்றுத் தட்டுக்கு வந்துவிடும். என் பிறந்த ஊரில் பிள்ளைத்தாய்ச்சிகள் சாம்பல் தின்பார்கள், திருநீறு தின்பார்கள், இங்கே மேட்டு மண், அதையும் புருஷன்தான் ஏறி எடுத்து வர வேண்டும், அப்படி ஏறாதவனைப் பார்த்து லைன் முழுக்கச் சிரிக்கும், திரவியத்தின் அம்மா, என் அத்தை, அதைச் சலித்து இரும்புச் சட்டியில் வறுத்துத் தருவாள், வாயில் போட்டால் முதலில் நறநறப்பு, பிறகு நாக்கின் ஓரத்தில் மெல்ல ஓர் இனிப்பு, எந்த ஊரு மண்ணுடி இப்படி இனிக்கும், சொல்லு பார்ப்போம் என்று கேட்பாள், ஊரையே தான் பெற்றெடுத்தவள் மாதிரி.

இன்று காலையில் வேலைக்குக் கிளம்பியவன் படியிறங்கித் திரும்பி வந்து, சாயந்திரம் என்னா வேணும் என்று கேட்டான், எனக்கு வெட்கம், மேட்டைப் பார்த்தேன், புரிந்துகொண்டு சிரித்தான், அந்தச் சந்தோஷத்தில் போனை வழக்கம்போல மாடத்திலேயே மறந்துவிட்டுப் போனான், மத்தியானம் மண் பரிசோதிக்கிறவர்கள் வந்தபோது அது அங்கேதான் கிடந்தது. அவர்களில் ஒரு பெண்ணுக்கு என் தங்கை வயசுதான் இருக்கும், கையில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி, அதை வாசல் மண்ணில் அழுத்திப் பிடித்தாள், பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா, இன்னாம்மா, மண்ணுக்குத் தலை காய வைக்கிறியா என்றாள், எல்லோரும் சிரித்தோம், அந்தப் பெண்ணும் சிரித்தாள், கருவி கீச்சென்று கத்தியதும் அவள் சிரிப்பு மட்டும் நின்றது, இன்னும் தள்ளி, இன்னும் தள்ளி, கறிவேப்பிலைச் செடியடியில், பரணி விளையாடுகிற இடத்தில், எங்கே வைத்தாலும் கத்தியது. குழந்தை மண்ணை வாயில வைக்குமாக்கா என்று என்னிடம் கேட்டாள், நான் பதில் சொல்வதற்குள் எஸ்தர் அக்கா, குழந்தைய ஏன் கேக்குற, பெத்தவளே தின்னுவா, மறுபடியும் மூணு மாசம், இன்னிக்குப் புதுச்சரக்கு வருது என்று கண்ணடித்தாள், மறுபடி சிரிப்பு, நானும்தான் சிரித்தேன், எங்க மண்ணு இனிக்கும்மா என்று பெருமையாகச் சொன்னது என் வாய்தான். அந்தப் பெண் கருவியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் குந்தினாள், ஈயந்தான்க்கா இனிக்குது, பிள்ளைங்க மூளைக்கு விஷம் என்றாள், மெதுவாகத்தான் சொன்னாள், பரணியைப் பார்த்தாள், பேசுவானா என்றாள், மூன்று வயசு முடிந்தும் ம்மா என்பதைத் தவிர எதுவும் வராத என் பிள்ளை அவள் செருப்பை வருடிக்கொண்டிருந்தான், பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் ரத்தம் பாருங்க, வயித்துல இருக்கறதயாவது காப்பாத்திக்கணும்க்கா, இனிமே ஒரு சிட்டிகைகூட வேணாம்.

அத்தை சண்டைக்குப் போனாள், நானும் இதத் தின்னுதான் பெத்தேன், எம்புள்ளைக்கு என்னாடி கொறச்சல் என்று கத்தியவள் அந்தக் கேள்வியிலேயே நின்றுவிட்டாள். திரவியம் பெண் பார்க்க வந்த நாள் ஓடி வருகிறது, எதையோ சொல்ல ஆரம்பித்தான், பாதி வழியில் வாக்கியம் நழுவிப் போயிற்று, போனால் போகட்டும் என்று என்னைப் பார்த்துச் சிரித்தான், அந்தச் சிரிப்புக்காகத்தான் சரி என்றேன், எவ்வளவு கூச்சம் என்று உருகினேன், எழுத்து ஏறவில்லை என்று பள்ளிக்கூடத்தை விட்டவன், அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பவன், லைன் பசங்களே மந்தம் என்று டவுனில் சொல்வார்கள், நான் கோபப்படுவேன், நான் காதலித்தது எதை, அவனையா, அவனுக்குள் படிந்துபோனதையா, இரண்டையும் சலித்துப் பிரிக்க எந்தச் சல்லடை இருக்கிறது.

மேட்டிலிருந்து சரிவில் இறங்கி வருகிறான், ஒரு கை சட்டைப்பையைப் பொத்தியிருக்கிறது, அத்தை உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறாள், வாசலுக்கு வந்தவன் கைக்குட்டையின் முனைகளை ஒவ்வொன்றாக விரிக்கிறான், உச்சியிலேர்ந்து எடுத்தேன் என்கிறான், பரணி ஓடி வந்து அண்ணாந்து வாயைத் திறக்கிறான், இரு இரு, மொதல்ல அம்மாவுக்கு என்று சிரிக்கிறான் அவன், அதே சிரிப்பு, நான் பிள்ளையை இழுத்து இடுப்பில் வைத்துக்கொள்கிறேன், வாயை என் தோளோடு அழுத்திக்கொள்கிறேன், இங்க பாரு, இந்த மண்ணு, என்று ஆரம்பிக்கிறேன், மிச்சம் வரவில்லை, ஏன், பிடிக்கலியா, வேற எடத்துல எடுக்கட்டுமா என்று அவன் முகம் வாடுகிறது, ஒற்றைக் கையால் கைக்குட்டையின் முனைகளை ஒவ்வொன்றாக மடித்து அவன் உள்ளங்கைக்குள்ளேயே மூடுகிறேன், மூடிய கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கிறேன், வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது.