காதணி விழாவில் விழுந்த பிரவுசர்

பிரவுசர் விழுந்தால் ஊரே திட்டும். ஜெயசுதாவுக்கு மட்டும் அது விழுந்தால்தான் சோறு. சென்னைக் கம்பெனி ஒன்று செய்யும் புது பிரவுசரைக் கள்ளக்குறிச்சி வீட்டிலிருந்தபடியே அடித்து உதைத்துப் பார்ப்பது அவள் வேலை. இணையப் பக்கத்துக்குள் கோடுகளால் வரைந்த படம் இருந்தால் சில சமயம் தானே மூடிப் படுத்துவிடுகிறது என்று எழுதியிருந்தாள். மேலாளர் இளவரசன் நம்பவில்லை.

"இங்க ஒரு தடவகூட விழலியேம்மா. அஞ்சு மணிக்குள்ள விழவச்சுக் காட்டு" என்றார் போனில்.

அவளுடைய ஆறு மாதச் சோதனைக்காலம் அன்றோடு முடிகிறது. இது பொய்யாகப் போனால் வேலையும் போய்விடும்.

வட்டம், நட்சத்திரம், மயில் என்று முந்நூறு படம் போட்டுப் பார்த்தாள். பிரவுசர் பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது. மூன்று மணிக்குத்தான் நினைவு வந்தது. முதலில் விழுந்தது அக்கா மகள் தனுஷாவின் காதணி விழா அழைப்பிதழைத் திறந்தபோது! விழா முடிந்ததும் அதை இணையத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஷேர் ஆட்டோ பிடித்து, அதை வரைந்த அன்புச்செல்வனின் பேனர் கடைக்கு ஓடினாள்.

"அண்ணா, தனுஷா பத்திரிகை ஃபைல் வேணும். தொறந்தா பிரவுசர் விழுது."

அன்புச்செல்வனின் முகம் சுருங்கியது. "பத்து வருசமா கடை நடத்திக்கினு கீறேன், ஒரு கம்ப்ளைண்ட் வந்ததில்ல" என்றவர், அரை மணி நேரம் எதையோ தட்டிவிட்டுப் பென்டிரைவை நீட்டினார்.

அங்கேயே லேப்டாப்பில் போட்டாள். படத்தில் மாமன்மார் வரிசையாகக் கைகூப்பி நிற்க, அழைப்பிதழ் அழகாகத் திறந்தது. ஜெயசுதாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நல்லா தொறக்குதில்ல? அடியில கெடந்த பழசெல்லாம் தூக்கிட்டேன்" என்றார் பெருமையாக.

"இன்னா பழசு?"

கூச்சத்தோடு சொன்னார். புதிதாக எதையும் தொடங்குகிற பழக்கம் அவருக்கு இல்லை. போன விசேஷத்தின் மேலேயே அடுத்த விசேஷத்தை ஒட்டிப் பழையதை மறைத்துவிடுவார். தனுஷாவுக்கு அடியில் நாற்பது கல்யாணம், பன்னிரண்டு வளைகாப்பு, ஒரு கபடிப் போட்டி.

"அந்தப் பழசுலதாண்ணா விழுது! அந்த அழுக்கு ஃபைல்தான் வேணும்!"

"கெட்டத கேட்டு வாங்கிக்கினு போறவ நீ ஒருத்திதாம்மா."

நல்லவேளை, பழைய பிரதி ஒன்று வைத்திருந்தார். திறந்தாள். பிரவுசர் தொப்பென்று விழுந்தது. நான்கு முறை திறந்தாள், நான்கு முறையும் விழுந்தது. அவள் துள்ளிய துள்ளலில் பேனர் வாங்க வந்தவர் வாசலுக்கே போய்விட்டார். ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஃபைல் சென்னைக்குப் போனது.

"விழுந்துடுச்சும்மா!" என்று போனில் கத்தினார் இளவரசன்.

வேலை நிரந்தரமானது. கோளாறும் சரியானது. ஆனால் அது மறுபடி தலைகாட்டக் கூடாதே! அதனால் ஒவ்வொரு நாள் காலையிலும் பிரவுசரின் புதுப் பதிப்பு முதலில் அந்த ஃபைலைத்தான் திறந்து காட்ட வேண்டும். விழா முடிந்து எட்டு மாதமாகிறது. சங்கராபுரத்து மாமன்மார் பதினேழு பேரும் இன்னமும் தினமும் காலையில் சென்னை இன்ஜினியர்களைக் கைகூப்பி, "குடும்பத்துடன் வருக" என்று அழைத்துக்கொண்டிருக்கிறார்கள்.