நில்லு என்று கத்த ஒருவன்

பீரான் ஒற்றைச் செருப்பைத் தூக்கி ஆலிக்கோயாவின் முன்னால் போட்டார். "இந்தா மூப்பா, எடது கால் செருப்பு. வாங்கி நாலு நாள்கூட ஒழுங்கா போடல. இனி எனக்கெதுக்கு? நீ போட்டுக்கோ." சொல்லிவிட்டு அவரே கடகடவென்று சிரித்தார். சுலைமானி, பால் விடாத சாயா, கொண்டுவந்த அவர் மனைவி கதீசும்மாவும், "இந்த மனுசனுக்கு காலு போயும் வாயி போகல பாருங்க" என்று சிரித்தாள். ஆலிக்கோயாவுக்குச் சிரிப்பு வரவில்லை. முழங்காலுக்குக் கீழே வெறுமனே தொங்கிய கைலியின் பக்கம் கண் போய்விடக் கூடாதே என்று கையிலிருந்த கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவி, சண்டாளா என்று இவர்கள் ஒரு வார்த்தை திட்டித் தொலைத்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் தூக்கமாவது வந்திருக்கும்.

பேப்பூர் ஆற்றங்கரையில் கட்டும் மரக்கப்பல்களை, உரு என்பார்கள், தண்ணீரில் இறக்குவது கலாசிகள் என்னும் கூலியாட்களின் வேலை. கப்பலுக்கு அடியில் உருட்டுத்தடிகள், ஒரு வடம், வடத்தைச் சுற்றியிழுக்க ஆட்கள் நெஞ்சைக் கொடுத்துத் தள்ளும் தாவர் என்னும் சுழல்மரம். அவ்வளவுதான் சாமான். கூட்டத்துக்குத் தலைவனான மூப்பன் பாட்டெடுப்பான், மற்றவர்கள் ஏற்றுப் பாடிக்கொண்டே தள்ளுவார்கள். நடுவில் யார் கண்ணுக்காவது ஏதாவது சரியில்லை என்று பட்டால், அவன் நேற்று வந்தவனாகவே இருக்கட்டும், 'நில்லு' என்று கத்தலாம். கத்திவிட்டால் அத்தனை கையும் அப்படியே நிற்க வேண்டும். ஏன், எதற்கு என்பதெல்லாம் அப்புறம். ஒன்றுமில்லாததற்குக் கத்தியவனை ஒரு வாரம் ஓட்டு ஓட்டென்று ஓட்டுவார்கள், அதற்கு மேல் தண்டனை கிடையாது.

ஆலிக்கோயா தலை நரைக்கும்வரை வளைகுடாத் துறைமுகத்தில் ஆள் மேய்த்துவிட்டு வந்தவர். அங்கே அவருக்குக் கீழே வங்காளி, பட்டாணி, பிலிப்பைன்காரன் என்று கலந்துகட்டி இருந்தார்கள். ஒருவன் பேச்சு இன்னொருவனுக்குப் புரியாது, ஆளாளுக்குக் கத்தினால் பிணந்தான் விழும். ஒரே வாய், ஒரே விசில். அதனால் உயிர் பிழைத்தவர்களை அவர் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். மூப்பனாயிருந்த அண்ணன் மௌத்தாகி அடக்கமும் முடிந்த பிறகு, ஊருக்கு வந்து மூப்பனானபோது அந்த விசிலும் கழுத்தில் கூடவே வந்தது. "இதென்ன மீன் சந்தையா? என் விசிலத் தவிர ஒரு சத்தம் கேக்கக்கூடாது." பாட்டு போயிற்று, நில்லும் போயிற்று. ஒரே தட்டில் தின்று வளர்ந்தவர்கள், ஒருவன் தும்மினால் யார் என்று திரும்பாமலே சொல்லக்கூடியவர்கள், ஊமைகளாகத் தள்ளினார்கள். வேலை சுருக்காக முடிகிறது என்று முதலாளிமார் மெச்சினார்கள். அந்த மெச்சலில் மனிதர் மயங்கித்தான் போனார்.

பீரானுக்குக் கால் போன அன்றைக்குத் தாவரின் ஓரத்தில் நின்ற சைதலவி திடீரென்று கையை உயர்த்தினான். வாய் திறந்தது. ஆலிக்கோயா பார்க்காமல் இல்லை. பார்த்தார். பார்த்து, மூடுடா என்று கண்ணாலேயே ஓர் அதட்டு அதட்டினார். கை இறங்கிவிட்டது. அடுத்த மூச்சில் உருட்டுத்தடி நழுவி, குனிந்திருந்த பீரானின் கால்மேல் ஏறியது. விதி என்றார்கள், படைத்தவன் உயிரையாவது விட்டுவைத்தானே என்றார்கள். அந்தக் கண்ணதட்டலைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சைதலவி மட்டும் அன்றிலிருந்து அவர் முகத்தைப் பார்ப்பதில்லை.

"நாளைக்கு உரு எறக்கமாமே," என்றார் பீரான். "என் எடத்துல யாரு?"

"இன்னும் முடிவு பண்ணல."

"யாரா இருந்தாலும் சூதானமா நிக்கச் சொல்லு. தடிகிட்ட குனிஞ்சிட்டா மேல என்ன நடக்குதுன்னு ஒரு மண்ணும் தெரியாது. மத்தவன் கண்ணுதான் நமக்குக் கண்ணு."

ஆலிக்கோயா கிளாஸைத் தரையில் வைத்தார். "பீரானே, சைதலவி அன்னிக்குப் பாத்துட்டான். கத்தத்தான் வந்தான். நாந்தான் அடக்கிட்டேன்."

பீரான் குனிந்து, கொடுத்த செருப்பைத் திரும்ப எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "போயிட்டு வா மூப்பா. நாளைக்கு வேல கெடக்கு." கிளாஸில் பாதிக்கு மேல் சாயா மிச்சமிருந்தது. குடியுங்கள் என்று சொல்லாமல் கதீசும்மா அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் ஆலிக்கோயா வெறுங்கழுத்தோடு வந்து நின்றார். "இனிமே விசில் இல்ல. பாட்ட நீங்களே எடுங்க. எவன் கண்ணுல எது பட்டாலும் நில்லுன்னு கத்துங்க, பழையபடி."

"கத்தினா அப்புறம் கண்ண உருட்ட மாட்டீங்களே மூப்பா?" என்றான் கூட்டத்திலிருந்த அவறான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சைதலவி சிரிக்கவில்லை.

முதல் தள்ளிலேயே வடம் கப்பலின் விளிம்பில் உரசி அறுபடப் பார்த்தது. எல்லோரும் பார்த்தார்கள். பார்த்தவர்கள் வடத்திலிருந்து கண்ணை எடுத்து அவர் முகத்தைப் பார்த்தார்கள். கடைசியில் அவரேதான் நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது. இத்தனை நாள் கட்டிப்போட்ட வாய் இன்று சொன்னால் திறந்துவிடுமா? அவர் மடித்துக் கட்டிய கைலியை இன்னும் இறுக்கிக்கொண்டு சரிவில் இறங்கி, உருட்டுத்தடியின் ஓரத்தில், பீரான் நின்ற இடத்தில் போய் நின்றார்.

"அப்ப மேல நின்னு பாக்குறது யாரு?" சைதலவிதான் கேட்டான்.

"நீங்கதான்."

குனிந்ததும் சேறும் தடியும் தவிர ஒன்றும் தெரியவில்லை. மேலே பாட்டு முதலில் தயங்கி, பிறகு ஒருவாறு கூடிவந்தது. தலைக்கு மேல் மொத்தக் கப்பலும் நெறிபட்டு நகர்ந்தது. பீரானும் இப்படித்தான் நின்றிருப்பான், மேலே இருப்பவர்களை நம்பி.

"நில்லூ!"

தாவர் நின்றது. பாட்டு நின்றது. கரையில் அலை தட்டுவது கேட்டது. ஆலிக்கோயா தடியைப் பார்த்தார். நேராகத்தான் கிடந்ததுபோல் இருந்தது. "என்னடா, தடில ஈ உக்காந்துச்சா?" என்று அவறான் எங்கிருந்தோ கேட்டான். அந்த 'நில்லு' அன்றைக்கே வந்திருக்கும். வந்திருந்தால் பீரானுக்கு இரண்டு செருப்பும் தேவைப்பட்டிருக்கும்.

நிமிர்ந்தார். தாவரின் ஓரத்தில் சைதலவி கையை உயர்த்தியபடி, எத்தனையோ நாளுக்குப் பிறகு நேராக அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். இந்தத் தடவை கண்ணைத் தாழ்த்திக்கொண்டவர் ஆலிக்கோயா. அந்தக் கை இறங்கவில்லை.